கற்றுத் தீராத முழவு: தாளக்கருவிக் கல்வியின் வரலாறு

மொழி வளர்ச்சிக்கென அமைந்த மேடையில் முழவைப் பற்றி உரை நிகழ்த்துவது பொருந்துமா என்னும் வினா எழக்கூடும். பொருந்தும் என்பதே நம் விடை. தமிழரின் தாளக்கருவிகள் சொல்லால் கற்பிக்கப்படுபவை. அவற்றைப் பயில்வோர் கையால் தட்டுவதற்கு முன்னர் வாயால் சொல்லப் பழகுகின்றனர். ஆசிரியர் சொல்ல, மாணவர் கேட்டுத் திருப்பிச் சொல்ல, அதன் பின்னரே கை அசைகிறது. மொழி கற்பிக்கும் ஆசிரியரும் முழவு கற்பிக்கும் ஆசிரியரும் உறவினர் ஆவது இவ்விடத்தில்தான்.

இவ்வுரையில் நாம் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே. மிருதங்கம், கஞ்சிரா, தவில் ஆகிய கருவிகளின் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை நோக்கினால், அக்கலை புதிய திசையில் திரும்பிய காலங்களில் எல்லாம் யாரோ ஒருவர் மீண்டும் மாணவராகியிருப்பதைக் காண்கிறோம். ஒரு கருவியில் தேர்ந்தவர் இன்னொரு கருவியாளரிடம் சென்று கேட்டிருக்கிறார். மேடையில் புகழ் பெற்ற பின்னரும் ஒருவர் குருவின் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பியிருக்கிறார். ஆசிரியர் என்பவர் வாழ்நாள் மாணவர் என்னும் கூற்றை நாம் பெரும்பாலும் அடக்கம் கருதிச் சொல்லப்படும் முகமன் உரையாகவே எடுத்துக்கொள்கிறோம். தாளக்கருவிகளின் வரலாற்றில் அஃது முகமன் அன்று. கலை வளர்ந்த முறையே அதுதான். அதே வரலாறு, கற்கும் வாயில் சிலருக்கு மூடப்பட்டிருந்ததையும் மறைக்காமல் காட்டுகிறது.

தண்ணுமை ஆசானுக்குரிய கல்வி

பழந்தமிழர் வாழ்வில் தோற்கருவி பெற்றிருந்த இடம் பெரிது. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகிறது. உணவும் மரமும் போலப் பறையும் நிலத்தின் அடையாளம் என்பது அதன் கருத்து. சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், தம் காலத்தில் அறியப்பட்டிருந்த தோற்கருவிகளின் நீண்ட பட்டியலைத் தருகிறார். மத்தளம் என்னும் சொல்லுக்கு அவர் கூறும் விளக்கமும் சிந்திக்கத்தக்கது. 'மத்து' என்பது ஓசையைக் குறிக்கும் சொல் என்றும், இசைக்கருவிகளுக்கெல்லாம் தளமாக நிற்றலால் அப்பெயர் பெற்றது என்றும் அவர் எழுதுகிறார்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. மாதவியின் அரங்கேற்றத்திற்குத் துணைநின்ற ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமை ஆசான், குழலாசான், யாழாசான் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக வகுக்கிறார். தண்ணுமை முழக்குபவன் தாளம் மட்டும் அறிந்தால் போதும் என்று அவர் கூறவில்லை. ஆடலும் பாடலும் இசையும் பண்ணும் அவன் அறிந்திருக்க வேண்டியவை. அப்பட்டியலில் தமிழும் இடம்பெறுகிறது. பாட்டின் சொல் எங்கே முறியும், எங்கே நீளும் என்று அறியாதவன் அதற்கு முழவு இசைக்க இயலாது என்பதால் மொழியறிவு அவனுக்குக் கட்டாயமாயிற்று.

இன்னொரு தகுதியும் அங்கே கூறப்படுகிறது. யாழ், குழல், மிடறு ஆகியவற்றோடு இயைந்து சென்று, பிற கருவிகளில் குறை நேர்ந்தவிடத்து நிரப்புதலும் மிகை நேர்ந்தவிடத்து அடக்குதலும் தண்ணுமை ஆசானின் கடன். ஆக்கல், அடக்கல் என்னும் இவ்விரு சொற்களுக்குள் துணைக்கருவிக் கலையின் அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பிறரது குறையை நிரப்ப வேண்டுமானால் பிறரது கலையையும் அறிந்திருத்தல் வேண்டும். ஆதலால் முழவாசிரியரின் கல்விக்குத் தம் கருவியே எல்லை ஆகாது என்பது அக்காப்பியக் காலத்திலேயே வகுக்கப்பட்டுவிட்டது.

வாயால் கற்கும் கலை

மிருதங்கம் பயிலத் தொடங்கும் மாணவருக்குத் தா, தி, தொம், நம் என்னும் நான்கு சொற்கள் முதற்பாடமாக அமைகின்றன. ஒவ்வொரு சொல்லும் தோலின் ஓரிடத்தையும் விரல்களின் ஒரு நிலையையும் குறிக்கிறது. 'தொம்' என்றால் இடந்தலை முழங்க வேண்டும். 'நம்' என்றால் மோதிர விரல் வலந்தலையின் கருவட்டத்தின் ஓரத்தை மெல்லத் தொட்டிருக்க, சுட்டுவிரல் விளிம்பில் படவேண்டும். இந்நான்கையும் முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று மூன்று வேகங்களில் பயில்வர். ஆசிரியர் கையால் தாளமிட, மாணவர் முதலில் சொல்லிக் காட்டி, பின்னர் வாசித்துக் காட்டுவார். இவ்வாறு வாயால் சொல்லப்படும் தாளச் சொற்களின் தொகுதிக்குச் சொற்கட்டு என்று பெயர்.

சொற்கட்டின் இலக்கணம் நம் யாப்பிலக்கணத்தை நினைவூட்டுவது. எழுத்து சேர்ந்து அசையாகி, அசை சேர்ந்து சீராகி, சீர் சேர்ந்து அடியாவது போல, இங்கும் சிறியன சேர்ந்து பெரியன பிறக்கின்றன. 'தகிட' என்பது மூன்று எண்ணிக்கை, 'தகதிமி' நான்கு, 'தகதகிட' ஐந்து, 'தகிடதகதிமி' ஏழு, 'தகதிமிதகதகிட' ஒன்பது. இவ்வைந்துமே திசிரம், சதுசிரம், கண்டம், மிசிரம், சங்கீர்ணம் எனப் பெயர் பெறும் ஐந்து நடைகளுக்கு அடிப்படை. ஆதி தாளத்தின் 8 அடிகளில் அடிக்கு நான்காகப் பகுத்தால் ஓர் ஆவர்த்தனத்தில் 32 எண்ணிக்கை கிடைக்கும். 'ததிங்கிணதொம்' என்னும் ஐந்தெழுத்துச் சொல்லை மும்முறை அடுக்கினால் 15 ஆகும். ஆகவே 17 எண்ணிக்கை கழிந்த பின் அதனைத் தொடங்கினால், மூன்றாம் முறை முடிந்ததும் அடுத்த ஆவர்த்தனத்தின் முதலடி வந்து சேரும். இக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்ப்பது எளிது. தாளம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போது, தொடங்கும் இடத்தை உடலால் உணர்வதற்கு ஆண்டுகள் பல வேண்டும்.

இக்கலையில் தொடக்கப் பாடத்திற்கு முடிவில்லை என்பதையும் கருத வேண்டும். மூன்று காலங்களில் கடினமானது மூன்றாங்காலம் என்று புதியவர் எண்ணுவர். முதற்காலமே கடினமானது என்பதைப் பயின்றவர் அறிவர். விரைவு பல குறைகளை மறைத்துவிடும். நிதானத்தில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே உள்ள வெளி முழுவதும் வெளிப்பட்டு நிற்கும். அதனாலேயே தேர்ந்த வித்துவான்களும் சாதகத்தின்போது முதற்பாடத்திற்குத் திரும்புகின்றனர். மாணவருக்குத் 'தா தி தொம் நம்' கற்பிக்கும் நேரம் ஆசிரியருக்கும் சாதக நேரமே. தமிழாசிரியர் ஒருவர் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்த குறளை மறுபடியும் வகுப்பில் விளக்கும்போது அதற்குள் புதியதொன்றைக் காண்பதை இதனோடு ஒப்பிடலாம்.

புதுக்கோட்டை வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுக்கோட்டையில் வாழ்ந்த மான்பூண்டியா பிள்ளையிடமிருந்து நம் வரலாற்றைத் தொடங்கலாம். அவர் கலைஞராகப் பிறந்து வளர்ந்தவர் அல்லர். விளக்கேற்றும் பணி செய்து வாழ்ந்தவர் என்று அவரது வரலாறு கூறுகிறது. தாள நாட்டத்தால் உந்தப்பட்டு, மாரியப்பத் தவில்காரர் என்னும் தவில் கலைஞரை அடைந்து லய நுட்பங்களைக் கற்றார். கற்றதைத் தவிலில் வாசிக்காமல், ஒருமுகம் மட்டும் உடைய சிறிய கருவி ஒன்றில் இறக்கினார். உடும்புத் தோல் போர்த்திய அக்கருவியே கஞ்சிரா. ஒரு கையின் விரல்களால் மட்டும் வாசிக்கப்படும் அதனைக் கச்சேரி மேடைக்குரிய கருவியாக உயர்த்தியவர் என்று இசை வரலாறு அவரைப் போற்றுகிறது.

இதன் உட்பொருளை நாம் கவனிக்க வேண்டும். கோயில் வீதியிலும் திருமண ஊர்வலத்திலும் முழங்கும் பெருங்கருவி தவில். அதன் கணக்குகள் திறந்த வெளிக்கு ஏற்ப வளர்ந்தவை. அவற்றை ஒருவர் உள்ளங்கை அளவிலான தோலுக்கு மாற்றியபோது, கச்சேரி இசைக்குப் புதிய தாள நடையொன்று கிடைத்தது. வளர்ந்த பருவத்தில், வேறு பணியிலிருந்து வந்து கற்ற ஒருவரால் அம்மாற்றம் நிகழ்ந்தது.

மான்பூண்டியா பிள்ளையின் மாணவருள் தலைசிறந்தவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. அவரும் அரண்மனைச் சேவகத்திலிருந்து கலைக்கு வந்தவரே. மிருதங்கம், கஞ்சிரா ஆகிய இரண்டிலும் அவர் இணையற்றவராகத் திகழ்ந்தார். அதே ஆசிரியரிடம் பயின்ற பழனி முத்தையா பிள்ளை தவிலிலும் மிருதங்கத்திலும் வல்லவர். இவ்வாறு தவில், கஞ்சிரா, மிருதங்கம் ஆகிய மூன்று கருவிகளுக்கிடையே கணக்கும் சொல்லும் தடையின்றிச் சென்று வந்தமையால் உருவானதே புதுக்கோட்டைப் பாணி.

முத்தையா பிள்ளையின் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை 1908இல் பிறந்தார். அவர் இடக்கை வழக்கமுடையவர். மிருதங்கக் கச்சேரியில் இது சிறிய செய்தியன்று. பாடகரின் வலப்பக்கத்தில் மிருதங்கக் கலைஞர் அமர்வதும், கருவியின் வலந்தலை அவையோரை நோக்கி இருப்பதும் மேடை மரபு. இடக்கை வாசிப்பவர் அங்கே அமர்ந்தால் நாதம் அவைக்கு முதுகு காட்டும். அவர் எதிர்ப்பக்கம் அமர வேண்டுமானால் வயலின் கலைஞர் தம் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லோரும் அதற்கு மனம் இசையவில்லை. தந்தையே தொடக்கத்தில் இம்மகனுக்குக் கற்பிப்பதில் ஆர்வம் காட்டவில்லை என்றும், பிறருக்குக் கற்பிக்கும்போது கேட்டே அவர் பலவற்றைப் பயின்றார் என்றும் கூறுவர். பின்னாளில் தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் வாசிப்பு அவருக்கு வழிகாட்டியாயிற்று. 1962இல் மறையும் வரை மிருதங்கத்தோடு கஞ்சிராவையும் அவர் கைவிடவில்லை. பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்த மேடைகளில் கஞ்சிராக் கலைஞராக அமர்ந்து வாசிக்கவும் அவர் தயங்கவில்லை.

தஞ்சாவூர் வழி

தஞ்சாவூரில் மிருதங்கம் வேறொரு சூழலில் வளர்ந்தது. மராட்டியர் ஆட்சிக்காலத்தில் வேரூன்றிய பஜனை மரபு அங்கே பாட்டோடு இழைந்து செல்லும் வாசிப்பை வளர்த்தது. நாராயணசாமி அப்பா, அவர் வழிவந்த தாஸ் சுவாமிகள் ஆகியோரைத் தொடர்ந்து, தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர் இம்மரபின் பேராசானாக விளங்கினார். இன்று அவர் பெயர் அவருடைய மாணவர்களாலேயே பெரிதும் நினைக்கப்படுகிறது. ஓர் ஆசிரியருக்கு இதனினும் பெரிய புகழ் வேறொன்றில்லை.

1912இல் பிறந்த பாலக்காடு மணி ஐயர் முதலில் சாத்தபுரம் சுப்பையரிடம் பயின்றார். கேரளத்தின் செண்டை முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த செவி அவருடையது. இளம் பருவத்திலேயே செம்பை வைத்தியநாத பாகவதருக்கு வாசித்துப் பெயர் பெற்றார். மேடையும் கைத்தட்டலும் கிடைத்த பிறகுதான் அவர் தஞ்சாவூருக்குச் சென்று வைத்தியநாத ஐயரிடம் மாணவராகச் சேர்ந்தார். இவ்வரிசையை நாம் நினைவில் கொள்ள வேண்டும். கல்வி முடிந்து மேடை தொடங்குவதே பொதுவழக்கு. இங்கோ, மேடை தொடங்கிய பின்னர் கல்வி ஆழமாயிற்று. 1966ஆம் ஆண்டிற்குரிய 'சங்கீத கலாநிதி' விருதைச் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு வழங்கியது. தாளக்கருவிக் கலைஞர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. அத்தகைய உயரத்தை எட்டிய பின்னரும், தம் வாழ்வின் பிற்பகுதியில் ரிஷிவேலிப் பள்ளியில் சிறுவர்க்குக் கற்பிக்கும் பணியை அவர் மேற்கொண்டார்.

வைத்தியநாத ஐயரின் மாணவருள் 1924இல் பிறந்த டி. கே. மூர்த்தி சிறுவயதிலேயே குருவின் இல்லத்தில் சேர்ந்து வளர்ந்தவர். எண்பதாண்டுகளுக்கு மேல் வாசித்தும் கற்பித்தும் வந்த அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1935இல் பிறந்த உமையாள்புரம் கா. சிவராமன், ஆறுபாதி நடேச ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், பாலக்காடு மணி ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார் என நால்வரிடம் பயின்றார். அதனோடு சட்டக் கல்வியையும் முடித்தார். ஒரே குருவிடம் கற்பது மட்டுமே தூய்மை என்னும் எண்ணத்திற்கு இவரது வாழ்வு மறுமொழி கூறுகிறது. நால்வரிடமிருந்து பெற்றதை ஒரு கையில் ஒன்றாக்க வேண்டிய பொறுப்பு மாணவரைச் சார்ந்தது. அப்பொறுப்பே அவரை ஆய்வாளராகவும் ஆக்கிற்று.

வாயிலுக்கு வெளியே நின்றோர்

இதுவரை கூறியவை பெருமைக்குரிய செய்திகள். இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறாவிட்டால் நம் உரை நேர்மையற்றதாகும். வாழ்நாள் முழுவதும் கற்கும் பேறு பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பது அம்மறுபக்கம்.

பெண்களுக்குத் தாளக்கருவிகள் நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தன. அக்காலத்திலேயே திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் பயின்று மேடையேறினார். தமிழகத்தின் முதல் பெண் மிருதங்கக் கலைஞர்களுள் அவர் ஒருவர். பெண் பாடகருக்குத் துணையாக வாசிக்கவே தயங்கிய மிருதங்க வித்துவான்கள் பலர் இருந்த காலம் அது. மணி ஐயரும் அவ்வழக்கத்தையே நெடுநாள் பின்பற்றினார், பின்னர் டி. கே. பட்டம்மாளுக்கு வாசிக்கத் தொடங்கி அவ்வழக்கத்தைத் தாமே விலக்கினார். முதிர்ந்த கலைஞர் புதிதாக ஒன்றைக் கற்பது போலவே, பழைய வழக்கம் ஒன்றைக் கைவிடுவதும் கல்வியே.

சென்னையில் டி. ஆர். ஹரிஹர சர்மா நடத்திய தாளவாத்தியப் பள்ளியில் பயின்ற சுகன்யா ராம்கோபால் என்னும் மாணவி, மிருதங்கம் கற்றபின் கடம் கற்க விரும்பினார். சுட்ட மண்ணில் விரல் பதித்து வாசிப்பது பெண்ணுக்குக் கடினம் என்று அப்பள்ளியின் கடக் கலைஞரும் சர்மாவின் மகனுமான விக்கு விநாயக்ராம் கருதினார். ஹரிஹர சர்மா அதனை அறைகூவலாக ஏற்று அம்மாணவிக்குத் தாமே கற்பித்தார். சுகன்யா ராம்கோபால் பின்னர் புகழ்பெற்ற கடக் கலைஞரானார். விநாயக்ராமும் அவருக்கு ஆசானானார். ஆசிரியர் தம் கருத்தை மாற்றிக்கொண்ட இடத்தில் ஒரு கலைஞர் பிறந்தார் என்பதே இதன் செய்தி.

மூன்றாவதாக, கருவியை உருவாக்குவோர். பலாமரத்தைக் குடைந்து, ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் போர்த்தி, எருமைத் தோல் வாரால் இழுத்துக் கட்டி, கிட்டக்கல்லின் பொடியைச் சோற்றுடன் பிசைந்து வலந்தலையில் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுவோரின் உழைப்பின்றி மிருதங்கத்திற்கு நாதம் இல்லை. அக்கருவட்டத்தின் பயனை அறிவியலால் விளக்கியவர் சர் சி. வி. இராமன். விறைப்பாகக் கட்டிய சாதாரணத் தோலின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இயைவதில்லை. நடுவில் ஏற்றப்படும் பாரம் அம்மேற்சுரங்களை முழுஎண் விகிதத்திற்குக் கொண்டுவந்து இனிய நாதமாக்குகிறது என்பதை 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழிலும், 1934இல் விரிவான கட்டுரையிலும் அவர் எடுத்துரைத்தார். இயற்பியல் விளக்குவதற்கு வெகுகாலத்திற்கு முன்பே தோல் தொழிலாளரின் விரல்கள் அவ்வுண்மையை அறிந்திருந்தன.

மணி ஐயரின் மிருதங்கங்களைப் பல்லாண்டுகளாக உருவாக்கியவர் தஞ்சையைச் சேர்ந்த பர்லாந்து. எந்தத் தோல், எவ்வளவு கனம், எங்கே குறைக்க வேண்டும் என்று அவ்விருவரும் ஓயாமல் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியில் ஆசிரியர் யார், மாணவர் யார் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஆயினும் ஒருவர் மேடையில் அமர்ந்தார். மற்றவரை, தோலைத் தொட்டு உழைக்கும் சாதியில் பிறந்த காரணத்தால், சமூகம் தொலைவில் நிறுத்தியது. கருவி செய்வோரின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலாக 2020இல் வெளியிட்ட பின்னரே அவர்களின் பெயர்கள் பரவலாகப் பேசப்பட்டன. மாட்டின் தோலைப் புனிதக் கருவி என்று மடியில் வைத்துக்கொண்டு, அதனைப் பதப்படுத்திய கையைத் தீண்டாமல் விலக்கிய முரண்பாட்டை மாணவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டும். இசைக் கல்வியின் பாடத்திட்டத்தில் இதுவும் ஒரு பாடமே.

கடல் கடந்த வகுப்பறை

இருபதாம் நூற்றாண்டில் குருவின் இல்லத்திலிருந்து கல்லூரிக்கு இசைக்கல்வி நகர்ந்தது. சிதம்பரத்தில் 1929இல் இராஜா அண்ணாமலை இசைக்கல்லூரியும், சென்னையில் 1949இல் அரசு இசைக்கல்லூரியும் தோன்றின. இருபது ஆண்டு உடன்வாழ்ந்து கற்றதைச் சில ஆண்டுப் பாடத்திட்டத்திற்குள் அடக்க வேண்டிய நெருக்கடி ஆசிரியருக்கு ஏற்பட்டது.

கடல் கடந்தபோது அந்நெருக்கடி இன்னும் கூர்மையாயிற்று. வீணை தனம்மாளின் பேரரும் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவருமான தி. ரங்கநாதன், 1960களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பிக்கத் தொடங்கினார். அதே ஆசிரியரின் மாணவரான திருச்சி சங்கரன் 1971இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். அவர்கள் முன் அமர்ந்தவர்கள் தாளமிட்டு வளர்ந்த சிறுவர்கள் அல்லர். வேறொரு இசையைப் பயின்று, 'ஏன்' என்று வினவும் வளர்ந்தவர்கள். 'இப்படித்தான்' என்று ஆசான் கூறக் கேட்டுப் பழகிய கலையை, காரணத்தோடு விளக்க வேண்டியதாயிற்று. சங்கரன் தென்னிந்தியத் தாள முறை பற்றிப் பாடநூல் எழுதினார். விளக்குவதற்காகத் தம் கலையை முதலிலிருந்து எண்ணிப் பார்க்கும் ஆசிரியர் அதனை இரண்டாம் முறை கற்கிறார்.

நம் மண்ணிலும் இவ்வரலாறு தொடர்கிறது. 1949இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகமும், 1981இல் கோலாலம்பூரில் தோன்றிய 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' நிறுவனமும் மிருதங்கக் கல்விக்கு இடம் தந்தன. அவ்வகுப்பறைகளுக்கு வெளியே இன்னொரு பள்ளியும் உண்டு. அது தோட்டப்புறத் தமிழர் கோயில் முற்றத்தில் வளர்த்த உறுமி மேளம். வளைந்த குச்சியால் தோலை உரசி எழுப்பும் அதன் உறுமலை இளைஞர்கள் குழுவாகக் கூடி, மூத்தவரைப் பார்த்தும் கேட்டும் பயில்கின்றனர். அங்கே சான்றிதழ் இல்லை. ஆயினும் ஆசான் உண்டு, சாதகம் உண்டு. வாசிக்கும் இடமும் கல்விக்கு இன்றியமையாதது. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவி வாசிப்பதற்கு 1973 முதல் தடை இருந்தது. 2016இல் ஊர்வலப் பாதையின் சில இடங்களில் நேரடி இசைக்கு இசைவு அளிக்கப்பட்டது. மிருதங்கம் கலை, உறுமி வெறும் ஓசை என்று பிரிப்போருக்கு மான்பூண்டியா பிள்ளையின் வரலாறு தக்க விடையாகும். வீதியில் முழங்கிய தவிலிடம் பாடம் கேட்டதால்தான் கச்சேரி மேடை கஞ்சிராவைப் பெற்றது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இவ்வரலாற்றிலிருந்து தமிழ் கற்பிப்போரும் கற்போரும் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உள. எழுதும் முன் சொல்லும் முறை அவற்றுள் முதன்மையானது. சொற்கட்டில் வாய் பிழைத்தால் கையும் பிழைக்கும். மொழி வகுப்பிலும் வாய்விட்டுப் படித்தல், கேட்டுத் திருப்பிச் சொல்லுதல் ஆகியவை தேர்வுத் தாளுக்குப் பின்தள்ளப்படுவது நல்லதன்று. வீட்டில் தமிழ் குறைவாகப் பேசப்படும் குடும்பங்கள் பெருகிவரும் நம் நாடுகளில், மாணவரின் செவிக்கும் நாவுக்கும் தமிழ் கிடைக்கும் இடமாக வகுப்பறையே பல வேளைகளில் அமைகிறது.

அடுத்து, ஆசிரியர் தம் சாதகத்தை மாணவர் காணும்படி செய்தல். முழவு வகுப்பில் ஆசிரியரின் கை மாணவரின் கண்ணெதிரே இருக்கிறது. அவர் நிதானமாகத் தொடங்குவதையும், ஒரு சொல்லை மறுபடி மறுபடி செம்மை செய்வதையும் மாணவர் பார்க்கின்றனர். தமிழாசிரியர் படிப்பதையும் எழுதித் திருத்துவதையும் மாணவர் பார்த்ததுண்டா? அகராதியைப் புரட்டி ஐயம் தீர்க்கும் ஆசிரியரைக் காணும் மாணவர், மொழியைக் கற்று முடிப்பதென்பது இல்லை என்று தாமே உணர்வர்.

இறுதியாக, வாயில். இடக்கைச் சிறுவனும், கடம் கேட்ட மாணவியும், தோலைப் பதப்படுத்திய தொழிலாளியும் நம் வகுப்புகளில் வேறு உருவில் அமர்ந்திருக்கலாம். தமிழ் தடுமாறிப் பேசும் பிள்ளையாகவோ, ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும் பெற்றோராகவோ, தமிழரல்லாத ஆர்வலராகவோ அவர் இருக்கக்கூடும். அவரால் இயலாது என்று கூறுமுன், இருக்கை ஒன்றை மாற்றிப் போட்டால் இயலுமா என்று பார்ப்பது ஆசிரியரின் கடமை. பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கு வேண்டியிருந்தது அவ்வளவே: மேடையின் மறுபக்கத்தில் ஓர் இடம்.